அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று, வீட்டில் யார் யார் மாறணும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதய ரத்தக்குழாயில் அடைப்பைத் திறந்து, அது மறுபடி மூடாமல் இருக்க ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பிவலைக் குழாயை வைப்பார்கள். அதன்பின் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சீட்டு தருவார்கள். உப்பைக் குறைக்கவும், எண்ணெயைக் குறைக்கவும், தினமும் நடக்கவும், புகை கூடாது என்று அதில் இருக்கும். சீட்டின் மேலே நோயாளியின் பெயர் மட்டும்தான். ஆனால் குழம்பில் உப்பு போடுவது அவர் இல்லை, எண்ணெய் வாங்கி வருவதும் பெரும்பாலும் அவர் இல்லை. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வீட்டில் கிளம்பும் கேள்விகளுக்குத்தான் இந்தப் பக்கம். மாத்திரை, உடற்பயிற்சி அளவு போன்றவற்றில் உங்கள் டாக்டர் சொன்னதே முடிவு.

நோய் அப்பாவுக்கு. நாங்கள் எல்லோரும் ஏன் மாறணும்?

ஒருவருக்கு மட்டும் பத்தியம் என்றால் அது நிலைக்காது. சுற்றி உட்கார்ந்தவர்கள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு சாப்பிடும்போது, தன் தட்டில் மட்டும் சப்பென்று ஒரு கூட்டு இருந்தால் எத்தனை நாள் பொறுத்துக்கொள்வார்? முதல் மாதம் பயத்தில் ஓடிவிடும். இரண்டாம் மாதம் டீக்கடை வடை கூப்பிடும்.

இன்னொரு காரணம், ஆபத்து அவரோடு நின்றுவிடுவதில்லை. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பும், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன்பும் மாரடைப்பு வந்திருந்தால், பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் கூடுதல் ஆபத்துள்ளவர்களாகவே டாக்டர்கள் கணக்கில் எடுப்பார்கள். அம்மாவுக்கு அப்பாவோடு ரத்த உறவு இல்லைதான். ஆனால் முப்பது வருடமாக ஒரே குழம்பு, ஒரே எண்ணெய், ஒரே டிவி முன்னால் ஒரே சோபா. அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் ஊர் மக்களைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடரும் இதய ஆய்வின் தரவுகளை வைத்து 2007-இல் வெளியான ஒரு கட்டுரை, கணவன் மனைவியில் ஒருவர் உடல் பருமனுக்கு ஆளானால் மற்றவருக்கும் அது வரும் வாய்ப்பு 37 சதவீதம் கூடுகிறது என்றது.

குடும்பம் குடும்பமாக மாறிப் பலன் கண்ட ஊர் எங்காவது இருக்கிறதா?

இருக்கிறது. ஃபின்லாந்தின் கிழக்கே வடக்கு கரேலியா என்று ஒரு மாகாணம். பால் மாடும் காடும்தான் வாழ்க்கை. ரொட்டியில் வெண்ணெயைத் தடவவில்லை, அப்பினார்கள். உப்பும் சிகரெட்டும் தாராளம். 1960-களில் அங்கே நடுத்தர வயது ஆண்கள் இதய நோயில் இறந்த வேகம் உலகிலேயே மிக மோசமான அளவுகளில் ஒன்று. ஊர்க்காரர்களே அரசிடம் மனுக் கொடுத்து உதவி கேட்டார்கள். 1972-இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது.

அவர்கள் நோயாளிகளைத் தேடிப் பிடித்து அறிவுரை சொல்வதோடு நிற்கவில்லை. ‘மார்த்தா’ என்ற இல்லத்தரசிகள் அமைப்போடு கைகோத்தார்கள். ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, பழக்கப்பட்ட அதே பதார்த்தங்களைக் கொழுப்பும் உப்பும் குறைத்து, காய்கறி கூட்டிச் சமைத்துப் பரிமாறினார்கள். எந்தக் கிராமம் கொலஸ்ட்ராலை அதிகம் குறைக்கிறது என்று போட்டிகூட நடந்தது. சில பத்தாண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதய நோய் மரணங்கள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. புகை குறைந்தது, ரத்த அழுத்த சிகிச்சை மேம்பட்டது, பின்னாளில் நல்ல மருந்துகள் வந்தன. எல்லாம் சேர்ந்துதான் இது. ஆனால் ஆரம்ப வெற்றி சமையலறையில் கிடைத்தது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

அப்போ தனியாகச் சமைக்க வேண்டாமா?

வேண்டாம். சமைப்பவருக்கு இரட்டை வேலை, சாப்பிடுபவருக்கு மனவருத்தம். ஒரே குழம்பு, ஒரே பொரியல், எல்லோருக்கும். விதிவிலக்கு உண்டு: சிறுநீரகக் கோளாறோ இதயச் செயலிழப்போ இருந்து, தண்ணீர், பொட்டாசியம் போன்றவற்றுக்கு டாக்டர் தனிக் கட்டுப்பாடு சொல்லியிருந்தால் அது அவருக்கு மட்டும்.

உப்பைக் குறைக்கணும்னு எல்லோரும் சொல்றாங்க. எவ்வளவுன்னு எப்படித் தெரிந்துகொள்வது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். நம் சமையலில் அதிகம் ஏமாற்றுவது உப்புதான்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள். அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். சாதத்தில், குழம்பில், ஊறுகாயில், பிஸ்கட்டில் இருக்கும் எல்லா உப்பும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

மளிகைக் கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வீட்டில் நான்கு பேர் என்றால் நாளுக்கு 20 கிராம், மாதத்துக்கு 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் ஏறக்குறைய 50 நாள் வரணும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று பாக்கெட் மேல் தேதி எழுதிப் பாருங்கள். இருபத்தைந்து நாளில் காலி என்றால், பாத்திரம் கழுவவோ மீன் அலசவோ போனதைக் கழித்தாலும், பிரச்சினை எங்கே என்று புரிந்துவிடும்.

இப்போது ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் இட்லி: மாவில் உப்பு, சட்னியில் உப்பு, சாம்பாரில் உப்பு, மிளகாய்ப்பொடியில் உப்பு. மதியம் சாதம் வடிக்கும்போதே சிலர் உப்பு போடுவார்கள். மேலே குழம்பு, ரசம், பொரியல், அப்பளம். மோர் சாதத்துக்கு ஊறுகாய், அது போதாதென்று மோர்மிளகாய். சாயங்காலம் மிக்சர். ஒவ்வொன்றும் ‘சரியான உப்பு’தான். கூட்டினால்தான் தலை சுற்றும்.

செய்யக்கூடிய வழி இது. காலையில் அன்றைய உப்பை ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து எடுத்து வையுங்கள். நான்கு பேருக்கு மூன்று டீஸ்பூன். மீதி ஒன்று வெளிச் சாப்பாட்டுக்கும் பிஸ்கட், நொறுக்குத் தீனிக்கும் விட்டது. கையால் அள்ளிப் போடும் பழக்கம் உள்ளவர்களும் அந்தக் கிண்ணத்திலிருந்தே அள்ளட்டும். கிண்ணம் காலியானால் அன்றைய உப்பு முடிந்தது. சாதத்துக்கு உப்பை நிறுத்துவதை யாரும் கண்டுபிடிக்கவே மாட்டார்கள். ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு ஆகிய ஐந்தில் ஏதாவது ஒன்று, அதுவும் வாரம் ஓரிரு நாள். சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடி வேண்டாம்.

ருசிக்கு எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி எல்லாம் நம்மிடம் தாராளமாக இருக்கிறது. புளிப்பும் காரமும் சரியாக நின்றால் உப்புக் குறைவு தெரியாது. ஒரே நாளில் பாதியாக்காமல் படிப்படியாக இறங்குங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். அப்புறம் ஹோட்டல் சாம்பார்தான் கரிக்கும்.

பாக்கெட் உணவு வாங்கும்போது பின்பக்கம் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து, 2.5-ஆல் பெருக்குங்கள். 800 மி.கி. சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. பெருக்கல் தெரிந்த பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்யும்.

இந்துப்புக்கு மாறினால் போதுமா?

போதாது. இந்துப்பும் கல் உப்பும் சோடியம் குளோரைடுதான், விலைதான் வேறு. பல பிராண்டுகளில் அயோடின் சேர்த்திருக்காது என்பது கூடுதல் குறை. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு இருக்கும். ரத்த அழுத்தத்துக்கு அது உதவும்; ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், ரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

எந்த எண்ணெய் நல்லது? செக்கு எண்ணெய்தானே?

எந்த எண்ணெய் என்று விவாதிக்கும் நேரத்தில் எவ்வளவு எண்ணெய் என்று பார்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளுக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்று இருக்கிறது. நான்கு பேருக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். மாதம் ஐந்து, ஆறு லிட்டர் வாங்குகிற வீடு செக்கு எண்ணெய்க்கு மாறினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. மரச்செக்கில் ஆட்டினாலும் ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரிதான்.

அளவு வந்த பிறகு வகையைப் பார்க்கலாம். தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. பாமாயிலில் ஏறக்குறைய பாதி. கடலை எண்ணெய், நல்லெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள். கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது இந்த நிறைவுற்ற கொழுப்பு. அதனால் தாளிப்புக்கும் பொரியலுக்கும் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலை நம்பித்தான் பல குடும்பங்கள் ஓடுகின்றன. அவர்களிடம் போய் அது விஷம் என்று சொல்வது நியாயமில்லை. அளவைக் குறைத்து, முடிந்த மாதம் அரை லிட்டராவது கடலை எண்ணெய் சேர்த்துக்கொண்டால் போதும்.

வடை சுட்ட எண்ணெயை மறுநாள் பூரிக்கு, அதற்கடுத்த நாள் தாளிப்புக்கு என்று சுற்றுவதை நிறுத்துங்கள். வனஸ்பதியும் அதில் செய்த பேக்கரிப் பண்டங்களும் எப்போதாவது போதும். 2022 தொடக்கத்திலிருந்து எண்ணெய், வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு (எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும், இதயத்துக்குக் கெடுதலான கொழுப்பு) 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதற்காக பப்ஸ் சத்துணவாகிவிடாது.

அத்தை, அதாவது என் மாமியார், ‘முப்பது வருஷமா இப்படித்தான் சமைக்கிறேன், யாருக்கு என்ன ஆச்சு’ என்கிறார். எப்படிப் பேசுவது?

மாமனாருக்கு ஆனது அவர் சமையலால்தான் என்ற தொனி தப்பித்தவறிக்கூட வந்துவிடக்கூடாது. புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், வயது, பரம்பரை என்று காரணங்கள் பல. அவரே ஏற்கெனவே அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இருப்பார். கோபமாகப் பேசுவது அதனால்தான்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். ‘உணவு ஆலோசகரிடம் நீங்களே கேளுங்க அத்தை, எங்களுக்கு அளவு தெரியாது’ என்று சொல்லிப் பாருங்கள். மருமகள் சொன்னால் விமர்சனம், டாக்டர் சொன்னால் பொறுப்பு. வீட்டின் பழைய சமையலிலேயே எத்தனையோ இருக்கிறது: கொள்ளு ரசம், கீரை மசியல், வாழைத்தண்டுக் கூட்டு, பாசிப்பயறு சுண்டல், ஆவியில் வெந்த கொழுக்கட்டை. அவற்றை அவரிடமே கேட்டு வாங்குங்கள்.

ஆண்களுக்கும் ஒன்று. ‘ஹெல்தியா சமைங்க’ என்று சொல்லிவிட்டு ஹாலில் உட்காருவதற்குப் பெயர் குடும்ப ஈடுபாடு இல்லை. கீரை ஆய்வது, காய் நறுக்குவது, பட்டியல்படி மட்டும் மளிகை வாங்குவது இவர்கள் வேலை. காய்கறி கூடினால் வேலையும் கூடும். அது ஒருத்தர் தலையில் விழுந்தால் மறுமாதமே அப்பளம் திரும்பிவிடும்.

சோற்றை நிறுத்திவிட்டு சப்பாத்தி, சிறுதானியம் என்று போகணுமா?

நிறுத்த வேண்டாம், குறைக்கணும். எண்ணெய்க்குச் சொன்ன அதே தேசிய ஊட்டச்சத்து நிறுவன வழிகாட்டி நாளுக்கு அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், காய்கறி கீரை 400 கிராம் என்கிறது. நம் தட்டில் இது தலைகீழ். மலைபோல் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். முதலில் பொரியலையும் கூட்டையும் தட்டில் வைத்துவிட்டு, மீதி இடத்தில் சோறு போடச் சொல்லுங்கள். எண்ணெய் ஊற்றிச் சுட்ட மூன்று சப்பாத்தி எந்த வகையிலும் தியாகம் இல்லை.

அசைவம் சாப்பிடும் வீடென்றால் மத்தி, அயிலை இரண்டும் விலை குறைந்த அருமையான மீன்கள். வாரம் இருமுறை, குழம்பாக. வறுத்தால் பலன் பாதி எண்ணெயில் போய்விடும்.

பிள்ளைகளுக்கு இப்போதே எதற்கு இதெல்லாம்?

ரத்தக்குழாயில் கொழுப்பு படிவது சிறு வயதிலேயே தொடங்கக்கூடியது. ஆனால் அவர்களிடம் மாரடைப்பு, கொலஸ்ட்ரால் என்று பயமுறுத்தத் தேவையில்லை. தாத்தாவுக்கு நடந்ததே அவர்களுக்குப் போதுமான பயம். வீட்டில் சிப்ஸ் இல்லாவிட்டால் கேட்பார்கள், அழுவார்கள், பிறகு வேர்க்கடலை சாப்பிடுவார்கள். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரி ஒரு மணி நேரமாவது ஓடியாடணும். டியூஷன் அட்டவணையில் அந்த ஒரு மணி நேரத்துக்கு இடம் இருக்கிறதா என்று பெற்றோர்தான் பார்க்கணும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் உணவில் உப்பே வேண்டாம்.

சேர்ந்து நடப்பதென்றால் எல்லோருக்கும் நேரம் ஒத்து வருவதில்லையே?

ஒத்து வராது. அதனால் எல்லோரும் ஒன்றாக நடக்கணும் என்ற திட்டத்தை விட்டுவிடுங்கள். இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். காலையில் அப்பாவும் அம்மாவும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மகனும் மருமகளும், ஞாயிறு மட்டும் மொத்தக் குடும்பம். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடம் குறைந்தபட்சம். பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம்.

தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காட்டியிருக்கிறார்கள். இளையவர்களுக்கு அது நல்லது. ஸ்டென்ட் வைத்த அப்பா முதல் வாரமே 8 கிலோமீட்டருக்குக் கிளம்ப வேண்டாம். வீட்டு வாசல், தெருமுனை, அடுத்த தெரு என்று டாக்டர் சொன்ன வேகத்தில் போகட்டும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் அங்கேயே நின்றுவிடணும், அடங்காவிட்டாலோ மறுபடி வந்தாலோ காத்திருக்காமல் 108. பையில் கைபேசி இருக்கட்டும்.

தம்பி மொட்டை மாடியில்தான் சிகரெட் பிடிக்கிறான். அதுவும் தப்பா?

வீட்டுக்குள் பிடிப்பதைவிட மேல். ஆனால் தப்புதான், முதலில் அவனுக்கே. அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிப்பவர்களுக்கும் இதய நோய் வாய்ப்பு 25 முதல் 30 சதவீதம் கூடுகிறது. புகைப்பதை நிறுத்தியவர்களுக்கு, புகையால் வந்த கூடுதல் இதய ஆபத்து ஒரு வருடத்தில் பாதியாகக் குறைகிறது. இந்த வேகத்தில் பலன் தரும் வேறு மாற்றம் அரிது. அப்பாவும் புகைத்தவரென்றால், ஒரே வீட்டில் ஒருவர் விட்டு மற்றவர் தொடர்வது அவரைத் திரும்ப இழுக்கும். இருவரும் ஒரே நாள் குறித்து விடுங்கள். மத்திய அரசின் இலவச உதவி எண் 1800 11 2356. மெல்லும் புகையிலையும் இதே கணக்குதான்.

தினம் கொஞ்சம் மது இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?

குடிப்பதற்குக் காரணம் தேடுபவர்கள் சொல்வது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

வீட்டில் மற்றவர்கள் என்ன பரிசோதனை செய்துகொள்ளணும்?

ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், இடுப்புச் சுற்றளவு. இந்தியர்களுக்கு இடுப்பு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. தாண்டக்கூடாது, தையல் டேப் போதும். கெட்ட கொலஸ்ட்ரால் யாருக்காவது 190-க்கு மேல் இருந்தால் அது பரம்பரை வகையாக இருக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர்களைப் பள்ளி வயதிலேயே சோதிக்கணும்.

அம்மாவை மறக்காதீர்கள். அப்பாவின் ஃபைல் தடிமனாக இருக்கும், அம்மாவுக்கு ஃபைலே இருக்காது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் ஆபத்து ஏறுகிறது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். வரும்போது ‘எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று அம்மா அடுப்படிக்குள் போய்விடுவார். பிடித்து உட்கார வையுங்கள்.

வீட்டில் ரத்த அழுத்தம் பார்ப்பதென்றால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, கை நெஞ்சு உயரத்தில் இருக்க, பேசாமல் பார்க்கணும். காபி குடித்த அரை மணிக்குள் பார்க்காதீர்கள். இரண்டு முறை பார்த்து இரண்டையும் நோட்டில் எழுதுங்கள்.

நன்றாக இருக்கிறார், மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். பல் பிடுங்கப் போனாலும் இதய டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான். உணவு மாற்றம் மாத்திரைக்குப் பதில் இல்லை, கூடவே போவது. மாத்திரை தீர நான்கு நாள் இருக்கும்போதே வாங்கி வைப்பதை யாராவது ஒருவர் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம், தீபாவளி வந்தால்?

சாப்பிடுங்கள். பந்தியில் உட்கார்ந்தவர் இலையைப் பார்த்து ‘அது வேண்டாம், இது வேண்டாம்’ என்று நான்கு பேர் முன்னால் சொல்லாதீர்கள். வருடத்தில் சில நாள் விருந்தால் இதயம் கெடுவதில்லை. தீபாவளி பலகாரம் கார்த்திகை வரை டப்பாவில் இருப்பதுதான் பிரச்சினை. கொஞ்சமாகச் செய்யுங்கள், சீக்கிரம் பங்கிட்டு விடுங்கள்.

எதைச் சொன்னாலும் அப்பா எரிந்து விழுகிறார். என்ன செய்வது?

எல்லோரும் போலீஸ் வேலை பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். கண்டிப்பை ஒருவர் மட்டும் செய்யுங்கள், மற்றவர்கள் சும்மா பேசிக்கொண்டிருங்கள். அதே சமயம், மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வு வருவது சகஜம். தூக்கம் கெடுவது, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது, ‘இனி நான் எதுக்கு’ என்று பேசுவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

மறுபடி நெஞ்சுவலி வந்தால் வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது?

நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ முதுகிலோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குவது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் அசதி, குமட்டல், மேல்வயிற்று எரிச்சலாகவும் வரலாம். ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடாவும் ஓமவாட்டரும் கொடுத்து ஒரு மணி நேரம் பார்ப்பதில்தான் நம் ஊரில் பலர் போய்ச் சேர்கிறார்கள். காத்திருக்காமல் 108.

நோயாளியை உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள், பைக்கில் ஏற்றாதீர்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை டாக்டர் அவருக்கென்று எழுதித் தந்திருந்தால் மட்டும், உட்கார்ந்த நிலையில். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை வேண்டாம். கிராமத்தில் பெரிய ஆஸ்பத்திரி தூரமென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். முதல் வேளைக்கான மாத்திரைகளை அங்கே இருப்பு வைக்க 2023-இல் ‘இதயம் காப்போம்’ திட்டம் வந்திருக்கிறது. மயங்கி விழுந்து மூச்சு சரியாக இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரு கையாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்கணும், ஆம்புலன்ஸ் வரும்வரை. வீட்டில் இருவராவது இதைக் கற்று வைத்திருங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி இசிஜி, மாத்திரைப் பட்டியல், காப்பீட்டு அட்டை நான்கையும் ஒரே கவரில் போட்டு, பீரோவுக்குள் பூட்டாமல், பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள்.